நான்கு போல்ட்டிலிருந்து ஐந்துக்கு: பிஎம்டபிள்யூ இ30-இல் இ36 ஹப்பும் சஸ்பென்ஷனும்

இ30 தலைமுறை 3 வரிசைக் கார்கள் 1982 முதல் 1994 வரை தயாராயின. வேக மாடலான எம்3-ஐத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சக்கரத்தை நான்கு போல்ட்டுகள்தான் பிடிக்கின்றன: பிசிடி (போல்ட்டுகளின் எண்ணிக்கை × அவை அமையும் வட்டத்தின் விட்டம் மிமீயில்) 4×100, நடுத்துளை 57.1 மிமீ. அடுத்த தலைமுறையான இ36-இல் அது 5×120, 72.56 மிமீ என்று மாறியது. பெரிய பிரேக், 15 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ரிம், எளிதில் கிடைக்கும் உதிரிபாகம் ஆகிய மூன்றையும் எண்ணி இ30 வைத்திருப்பவர்கள் ஐந்து போல்ட்டுக்குப் போகிறார்கள். ஒரு தலைமுறையின் காலை எடுத்து இன்னொன்றில் பூட்டும்போது என்னவெல்லாம் கவனிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம். பெரும்பாலான பாகங்கள் நேராக ஏறிக்கொள்கின்றன. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. போல்ட் ஏறிவிட்டால் பொருந்திவிட்டது என்று நினைத்து வண்டியை ரோட்டில் இறக்கிவிடுகிறார்கள்.

இந்த ஜோடி ஏன் சாத்தியமாகிறது

இரண்டு வண்டிகளிலும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு). பிறை போல வளைந்த லோயர் ஆர்ம், உள்பக்கம் ஒரு பால் ஜாயின்ட்டால் கிராஸ்மெம்பரிலும் வெளிப்பக்கம் இன்னொரு பால் ஜாயின்ட்டால் சக்கரத் தொகுதியிலும் பிடித்திருக்கும். அதன் பின்முனை ஒரு ரப்பர் புஷ்ஷுக்குள் நுழைந்து சேஸிஸில் நிற்கும். இந்த அமைப்பு ஒத்துப்போவதால் இ36 ஆர்ம் இ30 கிராஸ்மெம்பரில் உட்காருகிறது.

பின்பக்கம் கதை வேறு. சாதாரண இ36-இன் பின் சஸ்பென்ஷன் பல இணைப்புகள் கொண்டது. இ30-இல் இருப்பது செமி டிரெய்லிங் ஆர்ம் (சாய்வான அச்சில் ஏறி இறங்கும் ஒற்றை ஆர்ம்). அந்த இ36-இன் பின் ஹப்பையும் (சக்கரம் போல்ட்டால் ஏறும் மையப் பாகம்) ஆர்மையும் இ30-க்குக் கொண்டுவர வழியில்லை. ஆனால் 1994-இல் வந்த இ36 காம்பாக்ட்டுக்கும், அதன் பின் வந்த இசட்3-க்கும், பிஎம்டபிள்யூ இ30 வழியில் வந்த செமி டிரெய்லிங் ஆர்மையே பின்னால் கொடுத்தது. ஹப் மட்டும் 5×120. முன்பக்கத்துக்கு இ36, பின்பக்கத்துக்கு காம்பாக்ட் அல்லது இசட்3: இந்தச் சேர்க்கை நிற்பது அந்த ஒரு முடிவின் மேல்தான்.

மாதிரியின் பெயரை நம்பிப் பாகம் வாங்கக்கூடாது என்பதற்கு இதுவே சான்று. “இ36 பின் ஆர்ம்” என்று மட்டும் சொல்லிக் கேட்டால் பயன்படாத ஒன்று வந்து சேரலாம். வேறு குடும்பங்களிலும் இப்படி உண்டு. சுபாரு இம்ப்ரெஸா எஸ்டிஐ 2004 மாடலில் 5×100. 2005 மாடலில் 5×114.3. பெயரும் உடலும் ஒன்று, ஹப் வேறு.

கருவி எடுக்கும் முன் கணக்கு

முதலில் ரிம் எங்கே நிற்கப்போகிறது என்று எழுதிப் பார்க்கவேண்டும். ரிம் அகலத்தின் பாதியோடு ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம்வரை உள்ள தூரம், மிமீயில்) கூட்டினால் ஹப் முகத்திலிருந்து உள்விளிம்பு எவ்வளவு தூரம் என்று வரும், கழித்தால் வெளிவிளிம்பு.

இ30-இன் 6 அங்குல அகல, ஆஃப்செட் 35 ரிம்: பாதி 76.2. உள்ளே 111.2 மிமீ, வெளியே 41.2 மிமீ.
இ36-இன் 7 அங்குல அகல, ஆஃப்செட் 47 ரிம்: பாதி 88.9. உள்ளே 135.9 மிமீ, வெளியே 41.9 மிமீ.

ஹப் முகம் இருந்த இடத்திலேயே இருந்தால், வெளிவிளிம்பு ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. உள்விளிம்போ 24.7 மிமீ ஸ்ட்ரட்டை நோக்கிப் போய்விடும். அவ்வளவு இடம் இ30 ஸ்ட்ரட்டில் இல்லை. இ36 ஆர்மும் நக்கிளும் (ஹப்பைத் தாங்கும் பாகம்) போட்டபின் ஹப் முகம் வெளியே தள்ளி நிற்கும். அந்தத் தள்ளலை உள் கணக்கிலிருந்து கழித்து, வெளிக் கணக்கில் கூட்டவேண்டும். ஒரு பக்கத்துக்கு 10 மிமீ தள்ளினால் உள்ளே 14.7 மிமீ நெருக்கம், மட்கார்டு பக்கம் 10.7 மிமீ வெளியேற்றம். உங்கள் வண்டியில் தள்ளல் எவ்வளவு என்பதை அளந்தே அறியவேண்டும். ஆர்ம், நக்கிள், டிஸ்க் மூன்றும் எந்த மாடலிலிருந்து வந்தன என்பதைப் பொறுத்து அது மாறும். பழைய ஹப் முகத்தில் ஒரு நேர்ப்பட்டையை வைத்து, சேஸிஸில் ஒரு நிலையான புள்ளிவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதியது ஏறியபின், சஸ்பென்ஷன் அதே உயரத்தில் நிற்கும்போது, மறுபடி அளங்கள்.

டயரும் இந்தக் கணக்கில் சேரும். 195/65 ஆர்14 டயரின் விட்டம் 609 மிமீ. இ36-இல் வழக்கமான 205/60 ஆர்15 போட்டால் 627 மிமீ ஆகிறது, ஏறக்குறைய 3 சதவீதம் கூடுதல். இ30-இன் வேகமானிக்கு டிஃபரன்ஷியலில் இருந்து சிக்னல் போவதால், காட்டுவதைவிட வண்டி வேகமாகவே ஓடும். 205/55 ஆர்15 என்றால் 606.5 மிமீ, பழைய விட்டத்துக்கு மிக அருகில். எனவே 15 அங்குலத்துக்கு இதுவே சரியான தேர்வு.

நான்கு போல்ட் ஹப்பில் ஐந்து போல்ட் ரிம்மை ஏற்றும் அடாப்டர் தட்டு போட்டு வேலையை முடிக்கலாமே என்று பலர் கேட்பார்கள். 20 மிமீ தட்டு போட்டால் ஆஃப்செட் 47 ரிம் 27 போல நடந்துகொள்ளும், இடம் கிடைக்கும். ஆனால் பழைய சிறிய பிரேக் அப்படியே இருக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இரண்டு அடுக்கு போல்ட் வரும். உள் அடுக்கு தளர்ந்தால் சக்கரத்தைக் கழற்றாமல் தெரியாது. தோற்றத்துக்காக மட்டும் ரிம் மாற்றுகிறவருக்குத் தட்டு போதும். பிரேக்குக்காக மாற்றுகிறவருக்கு அது விடையே இல்லை.

முன்பக்கம்: முழுத் தொகுதியாக எடுங்கள்

இ30-இல் சுழல் தண்டும் ஸ்டியரிங் ஆர்மும் ஸ்ட்ரட் குழாயோடு ஒரே துண்டு. ஷாக் அப்சார்பர் அந்தக் குழாய்க்குள் செருகப்படும் தனிப் பாகம். இ36-இல் ஸ்ட்ரட் தனி, நக்கிள் தனி. மூன்று போல்ட்டுகள் இரண்டையும் சேர்க்கும். ஆகவே “ஹப் மட்டும் மாற்று” என்பது இங்கே நடக்காது.

நடக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரண்டு வண்டிகளிலும் முன் ஹப்பும் பேரிங்கும் ஒரே பாகம். ஹப்பை இழுத்து எடுத்தால் பேரிங் பிரிந்து, உள்வளையம் தண்டிலேயே நின்றுவிடும். அதைத் திரும்பத் தட்டிச் சேர்த்து ஓட்டக்கூடாது. பழைய ஹப்பை ஒரு நக்கிளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற நினைப்பவர், புது ஹப் வாங்குவதற்கான செலவைக் கணக்கில் வைக்கவேண்டும். பேரிங் நல்ல நிலையில் இருந்தால் நக்கிளோடு சேர்த்தே எடுத்து, நட்டைத் தொடாமல் பூட்டுவதுதான் சரி.

புது ஹப் போடும்போது 46 மிமீ சாக்கெட் தேவை. நட்டை 290 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, அதன் விளிம்பைத் தண்டின் பள்ளத்துக்குள் தட்டி மடக்கவேண்டும். அந்த நட் ஒருமுறைப் பயன்பாட்டுக்கானது. ஹப்பின் வெளிமுகத்தில் சுத்தியலால் அடித்து ஏற்றினால் அந்த அடி பேரிங் குண்டுகள் வழியாகவே உள்வளையத்துக்குப் போகும். சில ஆயிரம் கிலோமீட்டரில் உறுமல் கேட்கும். உள்வளையத்தின் மேல் குழாய் வைத்து ஏற்றுங்கள்.

எடுக்கவேண்டிய தொகுதி, ஒரே வண்டியிலிருந்து: இடம், வலம் நக்கிள் ஹப்போடு, ஸ்ட்ரட், லோயர் ஆர்ம், காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்), காலிப்பர் பிராக்கெட், டிஸ்க் மறைப்புத் தகடு, ஏபிஎஸ் சென்சார். டிஸ்க்கும் பேடும் புதிதாகப் போடுவதே நல்லது. ஆர்ம் ஒரு மாடல், நக்கிள் வேறு மாடல் என்று கலந்தால் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) டிராக் அகலமும் (இடம், வலம் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) எதிர்பாராமல் மாறும். பிறகு எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்படி எடுத்தால் பழைய வண்டியும் புதிய பாகமும் சந்திக்கும் இடங்கள் எண்ணக்கூடிய அளவுக்குச் சுருங்கும்: ஸ்ட்ரட் மேல்முனை, ஆர்மின் உள் பால் ஜாயின்ட், ஆர்மின் பின் புஷ், டை ராட் (ஸ்டியரிங்கை நக்கிளோடு சேர்க்கும் தண்டு), ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பு), பிரேக் ஹோஸ், சென்சார் வயர். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து தீர்க்கவேண்டும். வேலையின் பெரும்பகுதி இதுதான்.

அதிகம் தொல்லை தருவது ஸ்ட்ரட் மேல்முனை. மூன்று ஸ்டட்களின் இடைவெளி, ஷாக் தண்டின் முனை விட்டம், ஸ்பிரிங் மேல் தட்டு உட்காரும் படி ஆகிய மூன்றும் ஒருங்கே சேரவேண்டும். துளையைப் பெரிதாக்கி இழுத்துச் சேர்ப்பது தவறான வழி. தண்டு நடுவில் நிற்காமல், ஒவ்வொரு குலுக்கலிலும் டக்கென்று தட்டும். இ30 டவருக்கென்று (ஸ்ட்ரட் மேல்முனை உட்காரும் உடல்பகுதி) செய்த கேம்பர் தட்டும் (சக்கரத்தின் பக்கச் சாய்வான கேம்பரைச் சரிசெய்வது), தண்டின் விட்டத்துக்குக் கடைந்த புஷ்ஷும் சரியான வழி. ஸ்பிரிங் போடாமல் ஸ்ட்ரட்டை ஏற்றி, ஜாக்கால் மேலே தூக்கி, பம்ப் ஸ்டாப் தொடும் முன் டயர் மட்கார்டில் இடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் முழு வளைவில் திருப்பியும் பாருங்கள்.

அடுத்தது டை ராட். ஹப் வெளியே போனால் டை ராட்டும் அதற்கேற்ப நீளவேண்டும். வெளிமுனையைக் கழற்றிக் கழற்றி நீட்டினால் மரையில் பிடிப்பு குறையும். தண்டு விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு மரையாவது உள்ளே இருக்கவேண்டும் என்பது பட்டறை விதி; 14 மிமீ தண்டுக்கு 21 மிமீ. அதற்குக் குறைந்தால் நீளமான ராட் போடுங்கள். பால் ஜாயின்ட் கூம்பு நக்கிளின் துளையில் முழுமையாக உட்காருகிறதா என்று மார்க்கிங் மை தடவிப் பாருங்கள். மை முழுச் சுற்றும் ஒட்டவேண்டும். ஒரு ஓரத்தில் மட்டும் ஒட்டினால் நட் இறுகினாலும் கூம்பு ஆடும். ஒருநாள் அது வெட்டுப்படும்.

ஸ்டெபிலைசர் லிங்க் சில இ36-களில் ஆர்மில் இருக்கும், சிலவற்றில் ஸ்ட்ரட்டில் இருக்கும். எடுத்த தொகுதி எது என்று முன்கூட்டியே பார்த்து அதற்கேற்ற லிங்க் வாங்கவேண்டும். ஆர்மின் பின் புஷ்ஷை உரிய வழுக்குத் திரவம் தடவி ஏற்றியதும், தாமதிக்காமல் வண்டியைச் சக்கரத்தில் இறக்கி அதன் இயல்பு உயரத்தில் நிற்கவிடுங்கள். அரை மணி நேரத்துக்குள் இதைச் செய்யாவிட்டால், ஆர்ம் தொங்கிய நிலையிலேயே ரப்பர் பிடித்துக்கொள்ளும். பிறகு ஓடும்போதெல்லாம் முறுக்கப்பட்டுச் சீக்கிரமே கிழியும்.

பின்பக்கம்

காம்பாக்ட் அல்லது இசட்3 டிரெய்லிங் ஆர்மை இ30 சப்ஃப்ரேமில் பூட்டுவது முன்பக்கத்தைவிட எளிது. இரண்டு பிவட் போல்ட், ஸ்பிரிங் இருக்கை, ஷாக்கின் கீழ் போல்ட், ஆக்சில், பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள், சென்சார். ஆர்மைக் கழற்றியிருக்கும்போதே பிவட் புஷ்களைப் புதிதாக்கிவிடுங்கள். பின்னர் செய்வதென்றால் முழு வேலையும் திரும்பச் செய்யவேண்டும். பிவட் போல்ட்டுகளின் கடைசி இறுக்கம், வண்டியின் எடை சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான்.

ஆக்சிலில் இரண்டு முனைகளையும் சோதிக்கவேண்டும். வெளிமுனையின் பல்வரி புது ஹப்பில் கையால் வழுக்கி ஏறவேண்டும். உள்முனையின் போல்ட் வட்டம் டிஃபரன்ஷியல் ஃபிளேஞ்சோடு ஒத்துப்போகவேண்டும். அதிக சக்தியுள்ள இசட்3-களில் பெரிய ஜாயின்ட் வருவதால் இதை வெர்னியரால் அளக்காமல் விடக்கூடாது. ஆக்சிலின் நீளத்தையும் பாருங்கள்: சஸ்பென்ஷனை முழுதாக இறக்கியும் ஏற்றியும், ஜாயின்ட் இருமுனையிலும் முட்டாமல் உள்ளே வெளியே நகர இடம் இருக்கவேண்டும்.

பின் பேரிங் தனி. ஆர்முக்குள் அழுத்தப்பட்டு சர்க்ளிப்பால் (பூட்டு வளையம்) நிற்கும். ஹப்பை உருவும்போது அது பிரிந்துவிடும், மறுபயன்பாடு இல்லை. புதியதை ஆர்முக்குள் அழுத்தும்போது வெளிவளையத்தில் அழுத்தம் கொடுக்கவேண்டும். ஹப்பை அதற்குள் இழுக்கும்போது உள்வளையத்துக்குத் தாங்கல் கொடுக்கவேண்டும். இதை மாற்றிச் செய்ததுதான், புதுப் பேரிங் போட்ட உடனே சத்தம் வருவதற்கான வழக்கமான காரணம்.

இ30-இலும் காம்பாக்ட்டிலும் பின்னால் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் சரிசெய்யும் வசதி தொழிற்சாலையிலிருந்து இல்லை. வண்டியைத் தாழ்த்தினால் செமி டிரெய்லிங் ஆர்மின் இயல்பால் எதிர்கேம்பரும் டோவும் சேர்ந்தே மாறும்; டயரின் உள்ளோரம் தேயும். தாழ்த்தும் எண்ணமிருந்தால், பிவட் இடத்தில் எக்சென்ட்ரிக் புஷ்ஷோ சரிசெய்யும் தகடோ இந்த வேலையோடு சேர்த்தே போடவேண்டும்.

பிரேக்கும் ஏபிஎஸ்ஸும்

சாதாரண இ30-இன் முன் டிஸ்க் 260 மிமீ. எம்3 அல்லாத இ36-இல் 286 மிமீ. 286-க்கு 14 அங்குல ரிம் இனி பொருந்தாது. எம்3-இன் 315 மிமீ டிஸ்க் எடுத்தால் பொதுவாக 16 அங்குலமோ அதற்கு மேலோ வேண்டும்.

முன்னால் மட்டும் பெரிதாக்கிப் பின்பக்கத்தைப் பழையபடி விடுவதை ஏற்கமுடியாது. பிரேக் விசை முன்பக்கம் குவிந்து, பின் சக்கரங்கள் தங்கள் பங்கைச் செய்யாமல் போகும். நிற்கும் தூரம் குறையவேண்டிய இடத்தில் கூடலாம். பின்னால் டிரம் உள்ள நான்கு சிலிண்டர் வண்டிகளில் இன்னும் மோசம். காலிப்பர் பிஸ்டனும் பேசும்: 48 மிமீ பிஸ்டனுக்குப் பதில் 54 மிமீ வந்தால் பரப்பு ஏறத்தாழ 27 சதவீதம் கூடும். அதே மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு ஆயிலைத் தள்ள, பெடல் அதிகம் இறங்கும். பெடல் மென்மையாக ஆனதைக் காற்று என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ஏர் எடுப்பவர்கள் உண்டு. ஏர் முழுதாக வந்தபின்னும் பெடல் நீளம் குறையாவிட்டால், பெரிய துளையுள்ள மாஸ்டர் சிலிண்டர்தான் மருந்து.

பிரேக் குழாய் நட்டுகள் எம்10 × 1. குழாய் முனை குமிழ் வடிவ ஃபிளேர் (விரித்த முனை). இரட்டை மடிப்பு ஃபிளேர் போட்டால் கசியும். ஹோஸை முழு வளைவிலும் முழு இறக்கத்திலும் பாருங்கள். இழுபடவும் கூடாது, டயரில் உரசவும் கூடாது.

இறுக்கத்தின் அளவு பாகத்தோடு போகும், வண்டியோடு அல்ல. முன் காலிப்பர் பிராக்கெட் 110 நியூட்டன் மீட்டர், பின்பக்கப் பிராக்கெட் 67, காலிப்பர் வழிகாட்டிப் பின்கள் 30, சக்கர போல்ட் 100.

ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஹப்பின் பல்வளையத்தில் எத்தனை பல் என்று பழையதிலும் புதியதிலும் எண்ணுங்கள். நான்கு சக்கரத்திலும் ஒரே எண்ணிக்கை வேண்டும். ஒன்றில் வித்தியாசம் இருந்தால், அந்தச் சக்கரம் வழுக்குகிறது என்றோ பூட்டிக்கொண்டது என்றோ கட்டுப்பாட்டுப் பெட்டி தவறாக எண்ணும். சென்சார் கனெக்டர் வேறாக இருந்தால் வயரை வெட்டுமுன் இரண்டு சென்சார்களின் மின்தடையையும் அளந்து ஒப்பிடுங்கள்.

ரோட்டில் இறங்கியபின் வரும் குறைகள்

80 முதல் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறினால் முதலில் நடுத்துளையைப் பாருங்கள். இ39-இன் 5×120 ரிம் இந்த ஹப்பில் அழகாக ஏறும். ஆனால் அதன் துளை 74.1 மிமீ, ஹப்பின் மேடு 72.56. ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் ரிம் நடுவில் நிற்காது, எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் உதறல் போகாது. 74.1-லிருந்து 72.56-க்கான வளையம் போட்டால் தீரும். இதைவிடக் கொடியது 4×98 ரிம்மை 4×100 ஹப்பில் ஏற்றுவது. போல்ட் ஏறும், ஆனால் கூம்பு சாய்ந்து உட்காரும், நாளடைவில் போல்ட் முறியும்.

பிரேக் அழுத்தும்போது மட்டும் உதறினால் ஹப் முகத்தின் துரு. பழைய ஹப்பை இரும்புத் தூரிகையால் வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, டிஸ்க்கை மாட்டி, டயல் கேஜில் ஆட்டம் 0.05 மிமீக்குள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

மேடுபள்ளத்தில் வண்டி தானாகத் திசைமாறினால், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது டோ மாறுகிறது. ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கால் 10 மிமீ 10 மிமீயாக ஏற்றி இறக்கி, ஒவ்வொரு நிலையிலும் டோவைக் குறித்தால் காரணம் தெரியும். டை ராட்டின் வெளிமுனை உயரம் ஆர்மின் கோணத்தோடு இசையவில்லை என்பதே பெரும்பாலும் விடை. வண்டியை மிகவும் தாழ்த்தியவர்களுக்கு இது நிச்சயம் வரும்.

பின் சக்கரத்தில் கடகடவென்ற சத்தமோ, போல்ட் இறுக்கியபின் சக்கரம் சுழலாமையோ வந்தால் காரணம் போல்ட் நீளம். மரை எம்12 × 1.5, இ30-இலும் இ36-இலும் ஒன்றே. நீளம் ரிம்முக்கு ரிம் வேறு. எட்டுச் சுற்று ஏறினால் 12 மிமீ பிடிப்பு, அது போதும். அதிக நீளமான போல்ட் பின் டிஸ்க்கின் உட்புறத்திலுள்ள ஹேண்ட் பிரேக் ஷூவிலோ அதன் ஸ்பிரிங்கிலோ போய் இடிக்கும்.

வீல் அலைன்மென்ட் கடைசியாகச் செய்வது: முதலில் காஸ்டர், பிறகு கேம்பர், அதன்பின் டோ. முதல் 100 கிலோமீட்டருக்குப் பின் சக்கர போல்ட்டையும் பிவட் போல்ட்டையும் மறுபடி சோதியுங்கள். சேஸிஸ் மாற்றம் பதிவுத் துறையில் அனுமதி பெறவேண்டிய இடங்களில், காலிப்பர் எண், டிஸ்க் அளவு, ரிம் ஆஃப்செட் ஆகியவற்றை எழுதி வைத்திருப்பது சோதனையின்போது உதவும். டிக்கியில் கிடக்கும் 14 அங்குல நான்கு போல்ட் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு, 286 டிஸ்க்கின் மேல் ஏறும் 5×120 சக்கரம் ஒன்றைப் போட்டு வையுங்கள்.